வாலில் கட்டிய சிவப்புத் துணி

அத்தியாயம் ஆறு

கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஒரு பாதை. மொத்தம் நான்கு கிலோமீட்டர். காட்டுக்குள் நுழைந்து, பாதி மலை ஏறி, வளைந்து, இறங்கி, கடைசியில் அதே கேட்டில் வந்து நிற்க வேண்டும். இதற்காக ஜனங்கள் அலாரம் வைத்து எழுந்து, கலர் கலராக உடை மாட்டிக்கொண்டு வருகிறார்களாம். கேட்டிலேயே நின்றிருந்தால் நான்கு கிலோமீட்டர் மிச்சம். இதை அத்தையிடம் சொன்னேன்.

"அப்படிப் பாத்தா நீங்க காலையில எழுந்து ராத்திரி மறுபடி அதே கட்டில்லதானே விழறீங்க, மாப்பிள்ளை? எழுந்திருக்காமலே இருந்திருக்கலாமே" என்றார் அத்தை.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. முப்பது வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தார். எனக்கு வேலை போன மறுவாரமே என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். "வீட்ல உக்காந்து என் பொண்ணு உயிரை வாங்காம இருக்கணும்ல" என்பதுதான் எனக்குக் கிடைத்த நியமன உத்தரவு.

அன்று மூன்றாம் தேதி. மணி இரண்டு. ஐந்து மணிக்கு ஒரு குதிரைக்கு ஊசி போட்டுக் கதையை முடிக்கப் போகிறார்கள். அந்தக் குதிரையின் சொந்தக்காரிதான் எங்கள் கட்சிக்காரர்.

லாயத்தில் வைக்கோல் வாசனை மூக்கைத் துளைத்தது. குதிரைக்காரம்மா எங்களுக்கு உட்கார ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார். அத்தை உட்கார்ந்தார். நான் நின்றேன். பக்கத்தில் பழுப்பு நிறக் குதிரை ஒன்று, முகத்தில் மட்டும் மாவு அப்பியது போல வெள்ளையாக, என் சட்டைப் பையை ஆராய்ந்துகொண்டிருந்தது. பெயர் பவுடர்.

"பதினோரு வருஷமா என் கூட இருக்கா" என்றார் குதிரைக்காரம்மா. "ஒரே ஒரு தடவை உதைச்சிருக்கா. அதுவும் ஒருத்தன் பின்னாடி வந்து வாலைப் பிடிச்சு இழுத்தான், அதுக்காக. அன்னிக்கே நான் இந்தச் சிவப்புத் துணியைக் கட்டிட்டேன். உதைக்கிற குதிரைன்னா வால்ல சிவப்பு கட்டணும், பின்னாடி வர்றவங்க தள்ளி வரணும். எங்க தொழில்ல அது முறை. யாரும் கட்டச் சொல்லலை. நானாத்தான் கட்டினேன். இப்போ அதையே சாட்சியாக்கிட்டாங்க."

தன் குற்றத்தை ஊரறிய வாலில் கட்டிக்கொண்டு நடக்கும் ஜீவனை நான் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். மனிதர்களுக்கும் இந்த முறை வந்தால் எந்தத் துணிக்கடையிலும் சிவப்பில் ஒரு முழம் கிடைக்காது.

"ஒண்ணாம் தேதி காலையில என்ன நடந்துச்சு? இருக்கிறதை மட்டும் சொல்லுங்க" என்றார் அத்தை.

"ஆறரை மணி இருக்கும். சவாரிக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி இவளை ஒரு சுத்து கூட்டிட்டுப் போவேன். முன்னாடி வாத்தியார் நடந்துகிட்டிருந்தார். ரிட்டயர் ஆனவரு, தினமும் வருவாரு. அவரைத் தாண்டும்போது 'என்னம்மா, சௌக்கியமா?'ன்னு கேட்டார். என்னை இல்லைங்க, பவுடரை. தாண்டிப் போய் வளைவுல திரும்பிட்டேன். அப்புறம் சாயங்காலம்தான் தெரியும், அவர் இடுப்பு உடைஞ்சு, மண்டையில அடிபட்டு ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடக்கறாருன்னு. என் குதிரை உதைச்சதுன்னு சைக்கிள் சங்கத் தலைவர் புகார் கொடுத்திருக்காருன்னு."

"வளைவுல திரும்பினதும் ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"சைக்கிள் மணி கேட்டுது. எதிர்ல சைக்கிள் வருதுன்னு குதிரையை ஓரமா நிறுத்தினேன். ரொம்ப நேரம் நின்னேன். ஒண்ணுமே வரலை."

அத்தை வாளியிலிருந்து எழுந்தார். பவுடர் என் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துத் தின்றுவிட்டது. "மாப்பிள்ளை, உங்க பையில தேறினது அது ஒண்ணுதான் போல" என்றார் அத்தை.

பாதையின் கேட், லாயத்திலிருந்து இருநூறு அடி. விபத்து நடந்த அன்றே பாதையை மூடிவிட்டதால் கேட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, வராத ஆட்களுக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பலகை. அதில் இரண்டு அம்புக்குறிகள், ஒன்றின் மேல் சைக்கிள் படம், இன்னொன்றின் மேல் மனிதனும் குதிரையும்.

இந்தப் பாதையின் சட்டம் இதுதான். சைக்கிள்கள் ஒரு பக்கமாகச் சுற்றினால், நடப்பவர்களும் குதிரைகளும் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். எல்லாரும் எதிரெதிரே வந்தால் ஒருவரையொருவர் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம், முதுகில் யாரும் வந்து மோத மாட்டார்கள். ஒரு நாள் சைக்கிளுக்கு இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம். காலையில் கேட்காரர் பலகையைத் திருப்பி மாட்டுவார். பாதைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொன்னார்கள். சும்மா சுற்றி வருவதற்கே இவ்வளவு சட்டம் போடும் கூட்டத்தை என்னவென்று சொல்வது!

அத்தை பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார். நான் என் குதிகால் கொப்புளத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணாம் தேதி காலையில பலகையைத் திருப்பினீங்களா?" என்று கேட்டார் அத்தை.

"இல்லைங்க" என்றார் கேட்காரர்.

"முந்தின நாள் இருந்த மாதிரியேவா?"

"அப்படியேதாங்க. சைக்கிளுக்கு இடப்பக்கம், மத்தவங்களுக்கு வலப்பக்கம். நான் தேதியைப் பாத்துத்தான்..."

"போதுங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அத்தை நடக்க ஆரம்பித்துவிட்டார்.

திருப்ப வேண்டிய பலகையை இந்த மனுஷன் திருப்ப மறந்திருக்கிறார்! பழைய அம்புக்குறியை நம்பி அந்தம்மா தப்பான பக்கம் குதிரையை ஓட்டியிருக்கிறார். கேஸ் ஊத்திக்கொண்டது. அத்தையிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளை, உங்களை வேலையை விட்டு எடுத்ததுக்கு இத்தனை நாளா அந்தக் கம்பெனியைத்தான் திட்டிட்டிருந்தேன். பாவம் அவங்க."

சைக்கிள் சங்கக் கட்டடம் மலையடிவாரத்தின் மறுபுறம். உள்ளே சுவரெல்லாம் சைக்கிள் மாட்டியிருந்தது. மாட்டாத இடத்திலெல்லாம் தலைவரின் போட்டோ. கோப்பையோடு தலைவர், மாலையோடு தலைவர், சும்மா தலைவர். நிஜத் தலைவர், தோலோடு ஒட்டிய உடுப்பில், சோபாவின் நடுவில் சாய்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. அத்தை தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அஞ்சு மணிக்கு முடியப் போற விஷயம். இப்போ வந்து என்ன கிளறப் போறீங்க?" என்றார் தலைவர்.

"நான் வயசானவ, எனக்கு மெதுவாத்தான் புரியும். நீங்க குதிரையோட முகத்தைப் பாத்தீங்களா, வாலைப் பாத்தீங்களா?"

"வாலைத்தான். சிவப்புத் துணி பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதை வச்சுத்தானே அந்த உதைக்கிற சனியன்னு அடையாளம் சொன்னேன்? வளைவுல திரும்பி மறைஞ்சுது. முகம் ஏன் தெரியலைன்னா, அந்தம்மா போனதே தப்பான பக்கம். எனக்கு எதிர்ல வந்திருக்கணும். வரலை. நான் போற பக்கமே, எனக்கு முன்னாடி போயிட்டிருந்தாங்க. குதிரைக்கும் திசை தெரியாது, மேல உக்காந்திருக்கிறவங்களுக்கும் தெரியாது. இந்த மாதிரி ஆளுங்களையெல்லாம் பாதையில விடவே கூடாதுன்னு ஆறு வருஷமாக் கத்தறேன்."

"அவங்க படிக்காதவங்க" என்று இழுத்தார் அத்தை.

"படிச்சவர் மட்டும் என்ன வாழ்ந்தாராம்? அந்த வாத்தியாரும் தப்பான பக்கம்தான். முதுகைக் காட்டிக்கிட்டு ஹாயா நடந்துகிட்டிருந்தார். காலம்பூரா பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவராம்! இப்படி நடந்தா யாருக்கு வேணும்னாலும் அடிபடும்."

ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும் மனுஷனைப் பற்றி இப்படிப் பேச ஒரு தனி மனசு வேண்டும். தலைவரிடம் அது தாராளமாக இருந்தது.

"நீங்க அன்னிக்குக் கேட் வழியாவா போனீங்க?"

"நானா? எங்களுக்குப் பின்பக்கம் தனி வழி இருக்கு. போன மாசம்தான் திறந்தோம். அங்க போய்க் கும்பல்ல நிக்க முடியுமா?"

"அப்போ பலகையைப் பாத்திருக்க மாட்டீங்க."

தலைவர் சிரித்தார். "அந்தப் பலகைக்கு விதி எழுதிக் கொடுத்ததே நான்தான்மா. ஒவ்வொரு எழுத்தும் என்னோடது. கேட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கிற ஆளைப் பாத்து நான் திசை கத்துக்கணுமா? முந்தின நாள் இடப்பக்கம் போனேன், அன்னிக்கு வலப்பக்கம் போனேன். பச்சைக் குழந்தைக்குத் தெரியும்."

அத்தை பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "உங்க புகார்ல ரெண்டே வரிதான் இருக்கு. இப்போ சொன்னதையெல்லாம் உங்க கைப்பட எழுதிக் கொடுத்துட்டா உத்தரவு போடற வன அதிகாரிக்குச் சுலபமா இருக்கும். வால், சிவப்புத் துணி, வாத்தியார் நடந்த திசை, எல்லாத்தையும்."

தலைவர் ஒரு பக்கம் முழுக்க, முத்து முத்தாக எழுதினார். கீழே போட்ட கையெழுத்து மட்டும் மூன்று வரி அகலம் இருந்தது.

வெளியே வந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அத்தை, நம்ம கட்சிக்காரங்களைத் தூக்குல போட நாமளே கயிறு வாங்கிட்டு வந்திருக்கோமே!"

"கயிறு வாங்கினது நிஜம்தான். கழுத்து யாரோடதுன்னு அஞ்சு மணிக்குப் பாப்போம். வேகமா நடங்க."

வன அதிகாரியின் அறையில் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி தூங்கியபடி சுற்றியது. மாதம் பிறந்து மூன்று நாளாகியும் சுவர்க் காலண்டரில் போன மாதத் தாளைக் கிழிக்க யாருக்கும் கை வரவில்லை. அதிகாரி மட்டும் முழித்திருந்தார், அதுவும் பேனா மூடியைத் தேடுவதற்காக. குதிரையைக் கொல்லும் உத்தரவு அவர் முன்னால் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஜன்னலுக்கு வெளியே பவுடர் கட்டப்பட்டிருந்தது. மிருக வைத்தியர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். குதிரைக்காரம்மா கதவோரம் நின்று முந்தியில் வாயைப் பொத்தியிருந்தார். கேட்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் வந்தார், சைக்கிளை வாசல் படிக்கு நேராக நிறுத்திவிட்டு.

"ஒரு குதிரைக்காக இவ்வளவு கலாட்டாவா?" என்று சலித்துக்கொண்டார் அதிகாரி. "அது தப்பான பக்கம் போயிருக்கு, ஆளை உதைச்சிருக்கு. வால்ல சிவப்பு வேற கட்டியிருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாங்க. தலைவர் எழுதின விதி உங்க ஃபைல்ல இருக்கும். அதை அவர் வாயாலேயே ஒரு தடவை படிச்சா என் மனசு ஆறும்" என்றார் அத்தை.

தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "'ஒற்றைப்படைத் தேதிகளில் சைக்கிள்கள் இடப்பக்கமாகவும், நடப்பவர்களும் குதிரைகளும் வலப்பக்கமாகவும் செல்ல வேண்டும். இரட்டைப்படைத் தேதிகளில் இதற்கு நேர்மாறு.' தெளிவா இருக்கில்ல?"

"கண்ணாடி மாதிரி இருக்கு. மாப்பிள்ளை, அந்தக் காலண்டர்ல கடைசிக் கட்டத்துல என்ன போட்டிருக்கு?"

"முப்பத்தொண்ணு" என்றேன்.

"ஒற்றையா, இரட்டையா?"

"ஒற்றை."

"இப்போ அந்தத் தாளைக் கிழிங்க. அவங்க யாரும் கிழிக்கப் போறதில்லை. முதல் கட்டத்துல?"

கிழித்தேன். "ஒண்ணு" என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அட முட்டாளே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். "இதுவும் ஒற்றை, அத்தை."

"ஒற்றைக்குப் பின்னாடியே ஒற்றை. முப்பத்தொண்ணுல முடியுற மாசம்னா அப்படித்தான் வரும். அன்னிக்குத் திசை மாறாது, பலகையைத் திருப்பக் கூடாது. கேட்காரர் திருப்பலை. ஏங்க, மறந்துட்டீங்களா?"

"நான் எதுக்குங்க மறக்கறேன்?" என்றார் கேட்காரர், முதல் முறையாக முழு வாக்கியம் பேச வாய்ப்புக் கிடைத்தவராக. "தேதியைப் பாத்துத்தான் திருப்புவேன். ஆறு வருஷமா எனக்கு இதுதான் வேலை."

"குதிரைக்காரம்மா வலப்பக்கம் போனாங்க. சரியான பக்கம். வாத்தியாரும் வலப்பக்கம். அவரும் சரி. விதியை எழுதினவர் மட்டும் நேத்து இடம்னா இன்னிக்கு வலம்னு கண்ணை மூடிக்கிட்டுப் போயிட்டார். முன்னெல்லாம் கேட் வழியா வருவார், பலகை அவரைக் காப்பாத்திட்டிருந்தது. இப்போ தனி வழி. சரியான பக்கம் போயிருந்தா குதிரையோட வெள்ளை மூஞ்சியை எதிர்ல பாத்திருப்பார். வாலைப் பாத்தேன்னு அவரே எழுதிக் கொடுத்திருக்கார்."

தலைவர் காலண்டரைப் பார்த்தார், பிறகு தான் எழுதிய விதியைப் பார்த்தார். மறுபடி காலண்டரைப் பார்த்தார். "சரிம்மா, ஒரு சின்னக் குழப்பம். இருக்கட்டுமே. திசை தப்பினா நான் உதைச்சேன்னு ஆயிடுமா? நான் போனப்போ அவர் விழுந்துதான் கிடந்தார். புகார்லயும் அதைத்தானே எழுதியிருக்கேன்?"

"புகார்ல அப்படித்தான் இருக்கு" என்று அத்தை வெள்ளைத் தாளை மேஜையில் வைத்தார். "இதுல என்ன இருக்கு தெரியுமா? 'வாத்தியார் முதுகைக் காட்டியபடி தவறான திசையில் நடந்துகொண்டிருந்தார்.' விழுந்து கிடக்கிற மனுஷன் எந்தப் பக்கம் நடந்தார்னு எப்படிங்க தெரியும்? நினைவில்லாத ஆளு எழுந்து வந்து சொன்னாரா?"

தலைவர் தாளை எடுக்கக் கை நீட்டினார், அத்தை அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"மணி அடிச்சீங்கதானே?" என்றார் குதிரைக்காரம்மா கதவோரத்திலிருந்து. "எனக்குக் கேட்டுது. எதிர்ல வர்றீங்கன்னு உங்களுக்காக நான் ஒதுங்கி நின்னேன்."

"அடிச்சேன்!" என்று கத்தினார் தலைவர். முகம் சிவந்து போயிருந்தது. "ரெண்டு தடவை அடிச்சேன். அந்த மனுஷன் விலகியிருக்கணும். தப்பான பக்கம் வர்றவருக்காக நான் எதுக்குப் பிரேக் பிடிக்கணும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. சோபா இல்லாததால் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். வேண்டுமென்று மோதவில்லை, மோதினால் மோதட்டும் என்று விட்டிருக்கிறார். பிறகு வளைவில் சிவப்புத் துணி தெரிந்ததும், பழியைக் கொண்டுபோய் அதில் கட்டிவிட்டார். ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதனால் அடங்கினேன்.

அந்த நேரம் பார்த்து வைத்தியர் எட்டிப் பார்த்தார். "ஊசி ரெடி. யாருக்குப் போடணும்?"

"இங்க இருக்கிறவங்கள்ல யாருக்கு வேணும்னாலும் போடுங்க, வெளியில நிக்கிற குதிரைக்கு மட்டும் வேண்டாம்" என்றேன்.

அதிகாரி உத்தரவை இரண்டாகக் கிழித்தார். போலீசுக்குப் போன் செய்யச் சொல்லி யாருக்கோ குரல் கொடுத்துவிட்டு, பேனா மூடி எங்கே என்று மறுபடி தேட ஆரம்பித்தார்.

வெளியே குதிரைக்காரம்மா பவுடரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். பவுடர் அவர் தோளுக்கு மேலாக என் பையில் இன்னொரு பஸ் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தது.

"இனிமே அந்தத் துணியை அவுத்துடுங்க. அதனாலதானே இவ்வளவு வம்பும்" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாங்க. இவ உதைப்பா. அது உண்மைதானே? பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும்."

சொல்லிவிட்டு வாலிலிருந்து துணியை அவிழ்த்து, நடுவில் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியை மறுபடி வாலில் கட்டினார். இன்னொரு பாதியை எடுத்துக்கொண்டு வாசல் படிக்கு நேராக நின்ற அந்தப் பளபளப்பான சைக்கிளுக்குப் போனார். சீட்டுக்குப் பின்னால், நன்றாகத் தெரியும்படி, இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டார். ஜன்னல் வழியே தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகலாமா மாப்பிள்ளை? ஆஸ்பத்திரிக்குப் போய் வாத்தியாரை ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம். கண்ணு முழிச்சதும் அவர் கேக்கப் போறது குதிரையைப் பத்தித்தான்" என்றார் அத்தை.

பவுடரின் பின்பக்கமாகத்தான் வழி. தைரியமாக ஒட்டியே நடந்தேன். சைக்கிளைத் தாண்டும்போதுதான் நாலடி தள்ளிப் போனேன்.